சத்தம் வராத அறை

1934ஆம் ஆண்டு பினாங்கில் ஒரு வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. நடத்தியது அரசாங்கம் அல்ல, வியாபாரக் கம்பெனியும் அல்ல. பினாங்கு வயர்லெஸ் சொசைட்டி என்ற பொழுதுபோக்குச் சங்கம். வேலை முடிந்து வந்து கம்பிச்சுருளும் வால்வுமாகக் கிடக்கிற ஆசாமிகள் ஒன்றுகூடி வைத்தது. அழைப்புக்குறி இசட்.எச்.ஜே. இடம் பேராக் சாலை. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று நான்கு மொழிகளில் ஒலிபரப்பினார்கள். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையத்தை ஆளுநர் ஷென்டன் தாமஸ் திறந்து வைத்தது 1937 மார்ச்சில்தான். நம்ம ஊர் ஆர்வலர்கள் அதற்கு மூன்று வருஷம் முந்திக்கொண்டார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மேல் குண்டு போட்டன. வெள்ளைக்காரர்கள் அவசர அவசரமாகத் தீவைக் காலி செய்தபோது வானொலி நிலையத்தை உடைக்காமல் விட்டுப் போனார்கள். ஜப்பானியர் அதிலிருந்தே சிங்கப்பூரைக் கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். போர் வரலாற்று நூல்களில் அடிக்கடி வருகிற கதை இது. எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. போருக்கு முன் அந்த நிலையத்தின் வழியாகப் போன தமிழ்க்குரல்கள் எல்லாம் நேரலை. பேசினார்கள், காற்றில் போனது, முடிந்தது. காந்த நாடாவில் பதியும் கருவியே பெர்லின் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது 1935ல்தான். அது பேராக் சாலைவரை வந்து சேர வழியே இல்லை.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர். யூ.எஸ்.எம்.மின் நிபோங் திபால் வளாகத்தில் படித்தபோது, விடுதி அறையில் கூட்டாளி ஒருவனின் கிட்டாரை மடிக்கணினியில் பதிந்து பார்த்ததிலிருந்து இந்தப் பைத்தியம் பிடித்தது. பாட்டு கட்டுவது, பதிவது, அழிப்பது, மறுபடியும் பதிவது. யாருக்கும் விற்பதில்லை. இந்தப் பொழுதுபோக்குக்கு எங்கள் ஊரில் ஒரு வரலாறு இருக்கிறதா என்று தேடப் போய்த்தான் வயர்லெஸ் சொசைட்டியில் வந்து நின்றேன். அங்கிருந்து முன்னும் பின்னும் போய்ப் பார்த்ததில் கருவிகளைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் மாறியது.

வீட்டில் பதிவது என்பது கணினி வந்த பிறகு வந்த வழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். எடிசன் 1877ல் செய்த ஃபோனோகிராஃபே பதியவும் செய்யும், ஒலிக்கவும் செய்யும். பின்னால் மெழுகு உருளை இயந்திரங்கள் வீடுகளுக்கு விற்பனைக்கு வந்தபோதும் அப்படித்தான். குழந்தையின் மழலையைப் பிடித்து வைக்கலாம், பிடிக்காவிட்டால் மெழுகைச் சீவிவிட்டு மறுபடி பதியலாம். அந்த வசதியைக் கொன்றது தட்டு. கிராமஃபோன் தட்டில் கேட்கலாம், பதிய முடியாது. 1903ல் கிராமஃபோன் கம்பெனிக்காரர்கள் சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் பாட்டுகளைப் பதிந்துகொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ரொம்ப காலம், பாட்டு என்பது யாரோ கப்பலில் வந்து பதிந்துகொண்டு போய், தட்டாக்கித் திருப்பி அனுப்புகிற சரக்காக இருந்தது. பாடியவன் வீட்டில் பாட்டு தங்கவில்லை.

பி. ரம்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1929ல் பினாங்கில் பிறந்தவர். அவருடைய அப்பா 1926ல் கட்டிய பலகை வீடு இன்று அருங்காட்சியகம். 1947ல் வானொலிப் பாட்டுப் போட்டியில் வென்றார். அடுத்த வருஷம் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்ட பி.எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்திய இயக்குநர் சிங்கப்பூருக்கு அழைத்தார். அங்கே போன பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அந்தப் பலகை வீட்டில் அவர் உக்குலேலேயும் வயலினும் பழகிய காலத்து ஓசையை நாம் கற்பனைதான் செய்துகொள்ள வேண்டும். லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களுக்கும் இதே பாதைதான். பினாங்குத் தமிழ்ப் பையன்கள், அலிகேட்ஸ் என்று குழு வைத்து, ஹாங்காங் கிளப்புகளில் வாசித்துத் திரும்பி, மலாய்ப் பாட்டில் பெரிய பெயர் எடுத்தார்கள். பதிவு எல்லாம் ஊருக்கு வெளியே, கம்பெனிக் கூடங்களில்.

இத்தனைக்கும் இந்தத் தீவு கருவிகளுக்குப் பஞ்சமான இடம் இல்லை. 1972ல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. நெல் விளைந்த நிலத்தில் இன்டெல் வந்தது. ஏ.எம்.டி., ஹிட்டாச்சி, நேஷனல் செமிகண்டக்டர் வந்தன. கிளாரியனும் போஷ்ஷும் வந்தன, இவை இரண்டும் கார் ரேடியோ செய்கிற கம்பெனிகள். எங்கள் அம்மாக்களும் அத்தைகளும் ஷிப்ட் பஸ் ஏறிப் போய் உலகத்தின் பாட்டுப் பெட்டிகளுக்குள் போகிற சில்லுகளைச் சோதித்தார்கள். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் கடைத்தெருவில் வாங்கின சினிமாப் பாட்டு கேசட். உலகத்துக்குக் கருவி செய்த ஊரில் சொந்தக் குரல் ஏன் நாடாவில் ஏறவில்லை? காசு என்று சொல்லலாம், அது பாதி உண்மை. 1963ல் பிலிப்ஸ் கேசட்டை அறிமுகப்படுத்திய பிறகு, எண்பதுகளுக்குள் ஒலிவாங்கி உள்ளேயே வைத்த ரேடியோ கேசட் பெட்டி சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதியும். கருவி இருந்தது.

வீட்டு இசைப்பதிவின் பெரிய கதைகளை இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தேன். லெஸ் பால் என்ற கிட்டார்க்காரர் தன் ஒரே கிட்டாரைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் பதிந்த பாட்டை 1948ல் வெளியிட்டார். அதைச் செய்த இடம் வீட்டோடு இருந்த கார் கொட்டகை. டாஸ்கம் கம்பெனி 1979ல் போர்ட்டாஸ்டுடியோ என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியலாம், நாடா மட்டும் இரட்டை வேகத்தில் ஓடும். 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் வாடகைக்கு எடுத்த வீட்டின் படுக்கையறையில் இந்தப் பெட்டியை வைத்து ஒரு முழு ஆல்பத்துக்கான பாட்டுகளைப் பதிந்தார். பிறகு குழுவோடு கூடத்தில் வாசித்துப் பார்த்தும் கேசட்டில் இருந்த உயிர் வரவில்லை என்று கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்று வெளியிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் பெட்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஜனவரிக் குளிர், ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும், அக்கம்பக்கம் தள்ளித் தள்ளி வீடு, தரையில் தடித்த கம்பளம். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நமக்குப் பக்கத்துக் கதை ஏ.ஆர். ரஹ்மானுடையது. அப்பா ஆர்.கே. சேகர் போன பிறகு அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் ஓடியது. கோடம்பாக்கத்து வீட்டுப் புறக்கடையில் பஞ்சதன் ரெகார்ட் இன் கட்டியபோது உள்ளே வைக்கக் கருவி இல்லை, அம்மா நகையைக் கொடுத்துதான் பதிவுக்கருவி வாங்கினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1992ல் வந்த 'ரோஜா' அந்த அறையில் உருவானது. நகையைப் பற்றி நாம் நெகிழ்ந்து பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். கருவி வருவதற்கு முன்பே ஏ.சி. போட்டு, கம்பளம் விரித்த அறை இருந்தது. அந்த அறைக்குக் கீழே ஒரு துண்டு சொந்த நிலம் இருந்தது.

இப்போது பினாங்குக்கு வருகிறேன். எங்கள் பெரியப்பா குடும்பம் படகுக்காரத் தெருவில் இருந்தது. வரைபடத்தில் கிங் ஸ்ட்ரீட், துறைமுகத் தமிழர்கள் வைத்த பெயர் படகுக்காரத் தெரு. கடைவீட்டின் மாடி. பலகைத் தடுப்பு வைத்து மூன்று குடும்பம். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பஜனை பாடுவார்கள். ஆர்மோனியம், டோலக், இரண்டு ஜோடி ஜால்ரா. அதில் சிலது ஆண்டாள் பாட்டும் இல்லை, தேவாரமும் இல்லை, பெரியப்பாவே கட்டினது. அவற்றை ரேடியோ கேசட் பெட்டியில் பதிந்து வைத்திருந்தார். அவர் காலமான பிறகு 11 கேசட்டுகள் மைலோ டின்னுக்குள்ளிருந்து கிடைத்தன. ஒன்றின் மேல் நீல மசியில் 1988 என்று எழுதியிருந்தது.

கேட்டால் பாட்டு சுமார்தான். உள்ளதைச் சொல்லணும் இல்லையா, பெரியப்பாவுக்குச் சுதி நிற்காது. ஆனால் அந்தக் காலப் பெட்டிகளில் ஒரு குணம் உண்டு. ஒலி அளவைத் தானே சரிசெய்யும் சுற்று ஒன்று உள்ளே இருக்கும். கூட்டமாகப் பாடும்போது அது அளவைக் குறைக்கும். பாட்டு ஓய்ந்து ஓரிரு விநாடி மௌனம் வந்தால், சத்தம் போதவில்லை என்று நினைத்து ஒலிவாங்கியை முழுக்கத் திறந்துவிடும். அப்போது தெரு மேலே ஏறி வருகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ரொட்டிக்காரரின் ஹார்ன். டிரைஷா மணி. தடுப்புக்கு அந்தப்பக்கம் யாரோ தொலைக்காட்சியில் மலாய்ச் செய்தி கேட்கிறார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து இஷா பாங்கு. அது முடிகிற வரை பஜனை காத்திருக்கிறது, ஒருத்தர் மெல்ல இருமுகிறார், பிறகு ஆர்மோனியம் தொடங்குகிறது. துறைமுகப் பக்கம் பெர்ரியின் ஊதல். மரப்படியில் யாரோ ஏறி வருகிற காலடி, ஏழாவது படியில் ஒரு கீச்சு. ஒவ்வொரு கேசட்டிலும் அந்தக் கீச்சு இருக்கிறது.

அந்தப் படி இப்போது இல்லை. 1948க்கு முன் கட்டின கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை 1997ல் ரத்து செய்தார்கள். அவகாசம் முடிந்து 2000ஆம் ஆண்டு பிறந்தபோது, பல தலைமுறையாகச் சில பத்து வெள்ளி வாடகையில் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் கேட்கிற வீட்டுக்காரர்கள் முன்னால் நின்றார்கள். ஜார்ஜ் டவுனின் உள்ளூர்வாசிகள் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். எங்கள் குடும்பம் ஆயர் ஈத்தாம் பக்கம் போனது. சிலர் கடல் தாண்டி பட்டர்வொர்த் போனார்கள். 2008 ஜூலையில் நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமானது. நல்ல விஷயம்தான், கட்டடங்கள் தப்பின. சுவரும் ஓடும் காற்றுமுற்றமும் எப்படி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உள்ளே என்ன ஓசை கேட்டது என்பதற்கு விதி எழுத முடியாது. லாரி பிடித்து வீடு மாறுகிறவன் முதலில் எதைத் தூக்கிப் போடுவான்? பழைய கேசட்டைத்தான். பெரியப்பாவைப் போல எத்தனை பேர் வைத்திருந்தார்களோ, அந்த வருஷங்களில் குப்பைத் தொட்டிக்குப் போனதுதான் பினாங்குத் தமிழர்களின் வீட்டு இசைக் காப்பகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

போய்ச் சேர்ந்த இடம் ஃபிளாட். பினாங்கில் இந்த வகைக்கு முன்னோடி ஆயர் ஈத்தாமை ஒட்டின ரைபிள் ரேஞ்ச். 1960களின் இறுதியில் தொழிற்சாலையில் வார்த்த காங்கிரீட் பலகைகளை அடுக்கி எழுப்பிய உயரமான அடுக்ககம். பின்னால் வந்த மலிவு விலை வீடுகள் பலவும் 650 சதுர அடி, மூன்று அறை. சீன வீட்டுக்காரர் மேல் மாடியில் உரல் இடித்தால் அந்த அதிர்வு காங்கிரீட் வழியாகவே கீழே இறங்கும். ஜன்னலைச் சாத்தினாலும் வரும். சாத்தினால் வெந்து போவோம், அது வேறு.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அறையின் நீளம் 3.5 மீட்டர். 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் மோதித் திரும்பித் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் மிகத் தாழ்ந்த அதிர்வெண், வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 349ஐ 7ஆல் வகுத்தால் சுமார் 50. நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்! கம்பியில் புகுந்த மின் இரைச்சலை ஒலிபெருக்கியில் போட்டால் என் அறை அதற்குக் கச்சேரி மேடை. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சரியாகிவிடும் என்று கூட்டாளிகள் சொல்வார்கள். 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் 7 மீட்டர். அதை முட்டை அட்டையால் தடுப்பது, மழையைச் சல்லடையால் பிடிக்கிற வேலை. மெத்தையை நிமிர்த்தி வைத்தால் குரலின் கூர்மையான எதிரொலி அடங்கும், அவ்வளவுதான்.

ஆக, இந்த அறைக்குள் எது பிழைக்கும்? வாயை ஒலிவாங்கிக்கு நாலு அங்குலத்தில் வைத்துப் பேசுகிற குரல் பிழைக்கும். பெட்டிக்குள்ளேயே பிறக்கிற தாளம் பிழைக்கும். 2006ல் யோகி பி அண்ட் நட்சத்ராவின் 'வல்லவன்' வந்தபோது எனக்கு ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளிப் பஸ்ஸில் மூன்றாம் ஆண்டுப் பையன்கள் எல்லாரும் மூச்சு விடாமல் அதை ஒப்பித்தோம். மலேசியத் தமிழ் இளைஞர்களிடம் ராப் ஏன் இப்படி வேர் பிடித்தது என்பதற்குக் கறுப்பின இசையின் ஈர்ப்பு, ஒடுக்கப்பட்டவன் கோபம் என்று காரணம் சொல்வார்கள். அதெல்லாம் இருக்கலாம். ராப், ஃபிளாட்டில் பதிய முடிகிற இசை என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. லண்டனில் மாயா அருள்பிரகாசமும் அப்படித்தான் தொடங்கினார். ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளப்பெட்டி, பழைய நான்கு தடக் கேசட் கருவி, ஒரு ஒலிவாங்கி. அவ்வளவை வைத்து வீட்டில் பதிந்த ஆறு பாட்டு மாதிரி நாடாவில் 'கலங்' இருந்தது. 2005ல் 'அருளர்' ஆல்பம் வந்தது.

பிழைக்காதது என்ன? உறுமி. தவில். நாதஸ்வரம். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை அடிவாரத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், நம் பையன்களில் எத்தனை பேர் உறுமி மேளக் குழுவில் இருக்கிறார்கள் என்று. இந்த நாட்டில் தமிழ் இளைஞர்கள் கையால் வாசிக்கிற இசை என்றால் இன்றைக்கு முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். ஆனால் உறுமியின் தோலில் குச்சி உரசி எழுகிற அந்த முனகலை 650 சதுர அடிக்குள் எப்படிப் பதிவது? ஒருமுறை முயன்றோம். மூன்றாவது நிமிடம் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மக்சிக், பேரன் தூங்குகிறான் என்று பொறுமையாகத்தான் சொன்னார். பிறகு செபராங் பிறையில் ஒரு எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஓரம் போய் மோட்டார் மேல் கருவியை வைத்துப் பதிந்தோம். தவளைச் சத்தத்தோடு வந்திருக்கிறது. குழுக்கள் பெரும்பாலும் கைப்பேசியில் பிடிக்கிறார்கள், அடித்தோல் விழுகிற இடத்தில் எல்லாம் ஒலி முறிந்து போகிறது. கேட்கிறவன் இதுதான் உறுமியின் ஓசை என்று நினைத்துக்கொள்வான்.

என் மொத்தக் கருவிகளும் ஆயிரம் வெள்ளிக்குள் அடங்கும். இரண்டு வாயில் உள்ள ஒலி இடைமுகம், ஒரு ஒலிவாங்கி, ஏற்கெனவே இருந்த மடிக்கணினி. ஸ்பிரிங்ஸ்டீனிடம் நான்கு தடம் இருந்தது, எனக்கு எண்ணிக்கையே கிடையாது. 1934ல் வயர்லெஸ் சொசைட்டிக்காரர்கள் இதைப் பார்த்தால் மயங்கி விழுவார்கள். அமைதி மட்டும் விலை குறையவில்லை, ஏறிக்கொண்டே போகிறது. பினாங்கில் மணி நேரத்துக்கு அறை வாடகைக்கு விடுகிற கூடங்கள் இருக்கின்றன. ஆனால் கடிகாரம் பார்த்துக்கொண்டு விளையாட முடியாது. பொழுதுபோக்கு என்றால் வீணடிக்க நேரம் வேண்டும்.

என் அட்டவணை இப்படி. கடைசி மோட்டார் கார் நிறுத்துமிடத்துக்குள் வந்து அடங்குவது ஒன்றரை மணி. சுபுஹ் பாங்குக்கு முன்னால் கீழ்வீட்டு நாசி லெமாக் அக்கா அடுப்பு பற்றவைப்பது நாலரை. நடுவில் மூன்று மணி நேரம், மழை பெய்யாவிட்டால். விசிறியை நிறுத்தினால் பக்கத்து அறையில் அம்மா எழுந்துவிடுவார். "ஏன்டா ஃபேன அடைச்ச, வேர்க்கலயா ஒனக்கு?" அந்தக் கேள்வி இரண்டு பாட்டில் பதிவாகியிருக்கிறது. ஒன்றில் அழித்தேன். இன்னொன்றில் விட்டுவிட்டேன்.

பெரியப்பாவின் கேசட்டுகளில் எட்டைக் கணினிக்கு மாற்றியாகிவிட்டது. மூன்று மீதி. நம் ஊர் ஈரத்தில் நாடாவின் ஓரம் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் கருவியின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். இரண்டில் நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு, பசை காய்ந்து விழுந்துவிட்டது. வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். பட்டர்வொர்த்தில் பழைய டெக் ரிப்பேர் பார்க்கிற அங்கிள் ஒருவர் இருக்கிறார், கையால் சுற்றிச் சுற்றி மெல்லத் துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு பக்கம் 30 நிமிடம், துடைக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கிறது. அடுத்த வாரம் லேபிள் கிழிந்த கேசட். அதில் என்ன இருக்கிறதென்று பெரியம்மாவுக்கும் ஞாபகம் இல்லை.